தரையில் வரைந்த வண்டி

என் அண்ணனின் வேலையைப் பார்க்க எங்கும் தேடிப் போக வேண்டாம். எங்கள் தெருமுனையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்தால் பதினோரு வீட்டு கேட்டுகள், இரண்டு மாடிப்படிக் கைப்பிடிகள், பல் மருத்துவரின் பெயர்ப்பலகையைத் தாங்கும் சட்டம் ஒன்று. எல்லாம் அவன் வெட்டிப் பற்றவைத்தவை. ஊரில் அவனுக்குப் பெயரே கேட்தான். "கேட் இருக்காரா?" என்று கேட்டபடிதான் ஆட்கள் வருவார்கள். "கேட்டு எங்க போகும், ஆளுதான் வெளிய போயிருக்காரு" என்பாள் அண்ணி. பதினைந்து வருடமாக அவள் அதையே சொன்னாள். வந்தவர்களும் பதினைந்து வருடமாகச் சிரித்தார்கள்.

போன மாதம் அவன் போய்விட்டான். நாற்பத்தொன்பது வயது. இருமல் என்று ஆரம்பித்து நுரையீரலில் போய் நின்றது. பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தான். முதல் நாளே கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்து, "இது நம்ம கட்டிலுதான். இந்த மூலையில மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்றான். காய்ச்சலில் பிதற்றுகிறான் என்று நினைத்த நர்ஸ் ஓடிப்போய் தெர்மாமீட்டர் எடுத்து வந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் யாரும் கேட்டுகளைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் அவன் கட்டிய வண்டியைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த வண்டியில் ஒரு கோடு என்னுடையது. அவனுக்குத் தெரியாமல் போட்ட கோடு என்று ஒரு வருடத்துக்குமேல் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது இன்ஜின். அடிபட்ட வண்டிகளைக் குவித்து வைத்திருக்கும் கிடங்கில் அண்ணனின் நண்பர் லேத்துக்காரர் அதைப் பார்த்திருக்கிறார். நெடுஞ்சாலையில் பறக்கிற பெரிய பைக். லாரியின் பின்புறத்தில் மோதி முன்பாதி அப்பளமாகியிருந்தது. இன்ஜினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரட்டை சிலிண்டர், ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைந்த சிசி. தனியாகக் கழற்றி எடுத்தாலும் இரண்டு பேர் மூச்சுப்பிடித்துத்தான் தூக்க வேண்டும். சரக்கு ஆட்டோவில் மெத்தை போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் வீட்டு மெத்தை.

"என்னக் கூட்டிட்டு வந்த அன்னிக்குக்கூட இவ்வளவு பதமா எறக்கல" என்றாள் அண்ணி.

"உன்ன எறக்க ரெண்டு ஆளு தேவப்படலயே" என்றான் அண்ணன்.

இந்த இன்ஜினை வைத்துக் கல்லிலும் மண்ணிலும் ஏறுகிற வண்டி ஒன்று செய்யப் போவதாக அவன் சொன்னபோது லேத்துக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார். யோசிக்கிறார் என்று அர்த்தம். ஊருக்கு வெளியே, கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கச் சரிவு ஐந்தாறு மாடி உயரம். மேலே போகப் போகச் செங்குத்தாகி, முழுக்கச் சரளைக் கல்லாக இருக்கும். அதற்குச் சுவர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒல்லியான, எடை குறைந்த வண்டிகளோடு வந்து அதில் ஏறிப் பார்ப்பார்கள். உச்சி வரை போனவர்கள் மூன்றே பேர். அண்ணனும் லேத்துக்காரரும் வருடக்கணக்காகக் கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்கள்.

"அவனுங்க வண்டி நூறு கிலோ. இந்த இன்ஜின போட்டா உன் வண்டி இருநூறத் தாண்டும்" என்றார் லேத்துக்காரர். "யானைய வாங்கிட்டு வந்து மரம் ஏறச் சொல்லப் போற."

"ஏறுமா ஏறாதாங்கிறது நான் கட்டுற உடம்புல இருக்கு மச்சான்."

"எதுக்குடா உனக்கு இந்த வேல?"

அண்ணன் இன்ஜினிலிருந்த புழுதியைத் துணியால் துடைத்தான். பிறகு சொன்னான்: "இருபத்தஞ்சு வருஷமா எல்லாரும் ஒரு போட்டோவ நீட்டுறாங்க. இதே மாதிரி பண்ணுங்கிறாங்க. நானும் அதே மாதிரிதான் பண்ணிக் குடுத்திருக்கேன். இதுக்கு எவனும் போட்டோ காட்ட முடியாதுல்ல."

அதற்குமேல் அவன் அதைப் பற்றி எப்போதும் விளக்கவில்லை. சுவரின் உச்சியில் அந்த வண்டியை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

அவன் காகிதத்தில் வரைய மாட்டான். எந்த வேலையானாலும் மாக்கல் துண்டால் தரையில் முழு அளவில் வரைவான். பிறகு குழாயைக் கொண்டுவந்து கோட்டின்மேல் வைத்து, எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே அடையாளம் போடுவான். வீட்டை ஒட்டிய பட்டறையில் மண்தரை. கேட்டுகளை ஒரு பெரிய இரும்புத் தகட்டின்மேல் வரைந்துகொள்வான். வண்டி தகட்டைவிட நீளம். எனவே அது எங்கள் ஹாலுக்கு வந்தது.

சோபாவைச் சுவரோரம் தள்ளினான். டிவி படுக்கையறைக்குப் போனது. இன்ஜினின் பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வெட்டி நடுவில் வைத்து, அதைச் சுற்றி நான்கு நாள் வரைந்தான். ஒரு பழைய மண்பாதை வண்டியை இரவல் வாங்கி, அதன் பக்கத்தில் தூக்குநூல் தொங்கவிட்டு, ஒவ்வொரு சாய்வையும் பார்த்துப் பார்த்து மாற்றினான். அதிகம் அழித்து அழித்துப் போட்டது கழுத்தைத்தான். ஹேண்டில்பாரையும் முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்தக் குட்டைக் குழாய்க்கு அவர்கள் பாஷையில் கழுத்து என்று பெயர். அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வண்டி நேராகப் போவதும் வளைந்து திரும்புவதும்.

மூன்று மாதம் நாங்கள் அந்த வண்டியோடு வாழ்ந்தோம். சாப்பாடு சமையலறையில். யாராவது வந்தால் வாசலிலேயே அண்ணி வழி சொல்லுவாள்: "இன்ஜின மிதிச்சிராதீங்க, அப்படியே சீட்டுப் பக்கமா சுத்தி வாங்க." பக்கத்து வீட்டு அக்கா மட்டும் பின்சக்கரத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கதை பேசுவாள். தரையைக் கூட்டுவது கோட்டுக்கு வெளியே மட்டும். துடைப்பது ஓரத்தில் மட்டும்.

அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், எனக்குப் பள்ளி விடுமுறை. நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவள். அப்பா போன பிறகு எட்டாம் வகுப்போடு அண்ணன் பட்டறைக்குப் போனதால்தான் நான் கல்லூரி வரை போனேன். அன்று ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது காலில் பட்டு வாளி சாய்ந்தது. தண்ணீர் முன்சக்கரத்தின் மேல் ஓடிக் கழுத்தைத் தொட்டது. தண்ணீரோடு விட்டிருந்தால் கோடு தப்பியிருக்கும். நான் பதறிப்போய்த் துணியால் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வண்டிக்கு முன்பாதி இல்லை.

சக்கரத்தைத் திரும்ப வரைவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. நூலின் ஒரு நுனியில் ஆணி, மறுநுனியில் சாக்பீஸ். ஆனால் எங்கே மையம் வைப்பது? அதைக் கழுத்துதான் சொல்ல வேண்டும். கழுத்தின் மேல்முனை மட்டும் மிஞ்சியிருந்தது. கீழ்முனை எந்தப் பக்கம் இறங்கியது என்று ஈரத்தில் ஒரு மங்கலான தடம் தெரிந்தது, தெரியாமலும் போனது. பள்ளியிலிருந்து கைப்பிடி உடைந்த கரும்பலகை மூலைமட்டம் ஒன்றை ஒட்டித் தரச்சொல்லி அண்ணனிடம் கொண்டுவந்திருந்தேன். முப்பது, அறுபது, தொண்ணூறு. அதைத் தரையில் வைத்துப் பார்த்தேன். செங்குத்திலிருந்து முப்பது டிகிரி சாய்வு தடத்தோடு ஏறத்தாழப் பொருந்தியது. கணக்கு வாத்தியாருக்கு முப்பது டிகிரியைப் பார்த்தால் ஒரு நிம்மதி. இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கைப்பையிலிருந்த சாக்பீஸால் கோட்டை இழுத்து, அதை வைத்துச் சக்கரத்தையும் போட்டேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். கை கழுவிவிட்டு ஹாலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். நெடுநேரம் எழவில்லை. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு லீவா டீச்சர்?" என்றான்.

"ஆமாண்ணா."

தலையை ஆட்டினான். டீயைக் குடித்தான். அடுத்த வாரம் குழாய்களை அறுக்க ஆரம்பித்தான்.

சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் அழித்துப் போட்டிருப்பான். சொல்லாமல் விட்டது ஒரு நாள், இரண்டு நாள் ஆகி, பிறகு குழாய் அறுபட்டு, பிறகு பற்றவைக்கப்பட்டு, இரும்பாகிவிட்டது.

அந்த வண்டி உருவான ஒரு வருடத்தில் நான் பார்த்த அண்ணனை அதற்கு முன் பார்த்ததில்லை. பகலில் கேட் வேலை. மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டி. ஒவ்வொரு குழாயின் நுனியையும் மீன்வாய் மாதிரி குடைந்து, அடுத்த குழாயோடு ஒட்டவைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பான். தெரிந்தால் அரம். கழுத்துக் குழாயை லேத்துக்காரர் கடைந்து கொடுத்தார். முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கால்கள் ஒரு பழைய மண்பாதை வண்டியிலிருந்து வந்தன. கல் தட்டாமலிருக்கப் புகைக்குழாயை சீட் உயரத்துக்குத் தூக்கினான். முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது அது அவன் தொடையைச் சுட்டது. நீளமான ஏற்றத்தில் எண்ணெய் எல்லாம் பின்னால் ஓடிவிட்டால் இன்ஜின் வறண்டு செத்துவிடும் என்று, எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரு தடுப்புத் தகடு வைத்தான். அதைச் சோதிக்கத் தொட்டியை மட்டும் கழற்றி, எண்ணெய் ஊற்றி, அண்ணியின் அம்மிமேல் சாய்த்து வைத்துக் காலையிலிருந்து மதியம் வரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "சாம்பார்ல எண்ணெ மெதக்குதான்னு ஒரு நாளு இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்றாள் அண்ணி.

வண்டி முதன்முதலாகத் தெருவில் இறங்கியது ஒரு சனிக்கிழமை. சத்தம் அதிகமில்லை, ஆழமாக இருந்தது. ஜன்னல் கம்பி லேசாக அதிர்ந்தது. நேராகப் போனபோது கை விட்டாலும் ஆடவில்லை. தெருமுனையில் திரும்ப வேண்டியிருந்தது. அங்கேதான் வந்தது சிக்கல். எல்லா வண்டியும் ஒரே வீச்சில் திரும்பும் இடத்தில் அண்ணன் முன்னே போனான், பின்னே தள்ளினான், மறுபடி முன்னே போனான். பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள்.

"திரும்பணும்னா அடுத்த ஊருக்குப் போய்த்தான் திரும்பி வரணும் போலிருக்கே" என்றார் லேத்துக்காரர். பட்டறைக்கு வந்ததும் கோணமானியைக் கழுத்தில் வைத்துப் பார்த்தார். "முப்பதுல வச்சிருக்க. இருபத்தேழு தாண்டி எவனும் வைக்க மாட்டான். அந்த இரவல் வண்டியே இருபத்தேழுதான. எங்கடா அளவு தப்புச்சு?"

டீ டம்ளர்களோடு நான் வாசலில் நின்றிருந்தேன்.

"தப்பல" என்றான் அண்ணன். "வேணும்னுதான் வச்சேன். அதுல ஒரு கணக்கு இருக்கு."

"என்ன கணக்கு?"

"இருக்கு, விடு."

தன் தப்பை மூடப் பார்க்கிறான் என்று நினைத்தேன். ஒருத்தரிடமும் பொய் சொல்லத் தெரியாத அண்ணனை நான் பொய் சொல்ல வைத்துவிட்டேன் என்று தோன்றியது. டம்ளர்களை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் பள்ளத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். சமதளத்தில்தான் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து வண்டிக்கு பீரோ என்று பெயர் வைத்தார்கள். "பீரோ வருது, வழி விடு." அண்ணன் அதற்குக் கோபப்படவில்லை. அவன் பெயரே ஒரு இரும்புச் சாமான்தானே.

அன்றுதான் அங்கே அது நடந்தது. நன்றாக ஓட்டுகிற ஒருவன் சுவரில் பாதிக்கு மேல் போனதும் அவன் வண்டியின் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. வண்டி மல்லாந்து அவன்மேல் விழுந்து, இருவரும் சேர்ந்து உருண்டு வந்தார்கள். தோள் எலும்பு முறிந்தது. நூறு கிலோ வண்டி. அண்ணனோடு அதைத் தூக்க ஓடியவர்களில் ஒருவன் பீரோவைத் திரும்பிப் பார்த்து, "இது விழுந்திருந்தா பாடிதான்" என்றான். அதை அண்ணன் வீட்டில் சொல்லவில்லை. லேத்துக்காரர் சொன்னார்.

"அடுத்த ஞாயிறு ஏறுறேன்" என்று மட்டும் அண்ணன் சொன்னான்.

அண்ணி அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். அது இன்னும் மோசமாக இருந்தது. அவளுக்கு பயம் எடையைப் பற்றி. எனக்கு அந்தக் கோட்டைப் பற்றி. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று டிகிரி சாய்ந்தால் முன்சக்கரம் இரண்டு விரல் அகலம் முன்னால் போகிறது. அவ்வளவு வரை வந்தது. அந்த இரண்டு விரல் சரளைக் கல்லில் ஒருவனைக் காப்பாற்றுமா கொல்லுமா என்று என் கணக்குக்குத் தெரியவில்லை. சொன்னால் கழுத்தை அறுக்க வேண்டும். கழுத்தோடு சேர்ந்த நாலு குழாயும் போகும். அவன் ஒரு வருட உழைப்பு. அதற்குப் பிறகு திரும்ப உட்காருவானா என்பது நிச்சயமில்லை. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை.

புதன்கிழமை பட்டறைக்குப் போனேன். வாடிக்கையாளர் இருந்தார். வெள்ளிக்கிழமை போனேன். தனியாகத்தான் இருந்தான். "என்ன டீச்சர்?" என்றான். மூலைமட்டத்தை ஒட்டியாச்சா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அது ஒட்டி ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஞாயிறு காலை பள்ளத்துக்கு நானும் போனேன். அண்ணி வரவில்லை. கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்து, "எறங்குனப்புறம் குடு" என்றாள்.

எட்டு மணிக்கு வெயில் சுவரில் பாதி இறங்கியிருந்தது. அண்ணன் முட்டிக் கவசத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். வார் ஒன்று மாட்டாமல் நான் குனிந்து மாட்டிவிட்டேன். குனிந்தபடியே சொன்னேன்.

"அண்ணா, அந்தக் கழுத்துக் கோடு நீ போட்டது இல்ல."

அவன் அடுத்த முட்டிக்கான கவசத்தை எடுத்தான்.

"வாளி கவுந்திருச்சு. அழிஞ்சு போச்சு. நான்தான் திரும்பப் போட்டேன். உங்கிட்ட சொல்ல பயந்துக்கிட்டு..."

"தெரியும்" என்றான்.

நான் நிமிர்ந்தேன்.

"மாக்கல் கோடு சாம்பலா இருக்கும். அது பால் மாதிரி இருந்துச்சு, தொட்டா விரல்ல ஒட்டுச்சு. ஸ்கூல் சாக்பீஸ். போதாக்குறைக்கு முப்பது டிகிரி, நூல் புடிச்ச மாதிரி. நான் எந்தக் காலத்துல அவ்வளவு சுத்தமா வரஞ்சிருக்கேன்?"

"தெரிஞ்சுமா அப்படியே அறுத்த?"

"நீ கணக்கு டீச்சர். என் கோட்டப் பாத்திருப்ப, தப்புன்னு தெரிஞ்சிருக்கும், கணக்குப் போட்டு மாத்தியிருப்ப. என் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லாம இருக்கன்னு நெனச்சேன்."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ வெளக்குவ. சைன், காஸுன்னு என்னமோ சொல்லுவ. எனக்கு ஒண்ணும் புரியாது. தங்கச்சி முன்னாடி பேந்தப் பேந்த முழிச்சுட்டு உக்காந்திருக்கணும்." வாரை ஒரு முறை இழுத்துப் பார்த்தான். "சரி, என்னதான் கணக்கு அது? இப்பவாவது சொல்லு."

"கணக்கே இல்லண்ணா. மூலமட்டம் முப்பதுல இருந்துச்சு. அத வச்சேன்."

அண்ணன் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தான். வண்டியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்கிட்ட என்ன ஜம்பமா சொன்னேன் தெரியுமா? அதுல ஒரு கணக்கு இருக்காம்."

தள்ளி நின்ற லேத்துக்காரர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. "வண்டிய வீட்டுக்கு எடு. புதன்கெழமைக்குள்ள கழுத்த அறுத்து இருபத்தேழுல வச்சுத் தரேன். இன்னிக்கு வேண்டாம்" என்றார்.

"ஆமாண்ணா, போயிடலாம்" என்றேன்.

அவன் எழுந்து வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். கழுத்தில் கைவைத்து, சூடு பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தான். "ரெண்டு பேரும் சேந்து ஒரு வருஷமா ஒரு தப்பப் பண்ணியிருக்கோம்" என்றான். "அது என்ன பண்ணுதுன்னு தெரியாமயே அறுத்துட்டா எப்படி? கொஞ்சம் கொஞ்சமாப் பாக்கலாம். முன்னாடி தூக்குச்சுன்னா அதோட எறங்கிடுறேன். சத்தியமா."

அவன் சொன்னபடியே செய்தான். முதலில் கால்வாசி ஏறி, நின்று, பின்னாலேயே வழுக்கிக்கொண்டு இறங்கினான். இறங்கியதும் நாங்கள் இருப்பதை மறந்தவன்போல் முன்டயரின் தடத்தைக் குனிந்து பார்த்தான். தடம் விட்டுப்போகாமல் இருந்தது. முன்சக்கரம் தரையை விடவே இல்லை. இரண்டாவது முறை பாதி. மற்ற வண்டிகள் தலைதூக்கத் தொடங்கும் அந்த இடத்தில் பீரோ மூக்கைத் தரையில் வைத்து, சரளையைப் பின்னால் வாரி இறைத்தபடி, ஒரு பிடிவாதக்கார மாடு மாதிரி நேராகப் போனது. கல் தட்டினால் மற்ற வண்டிகள் அலையும். இது அலையவில்லை.

"மூணு டிகிரிக்கு ரெண்டு வெரலு வரும்" என்றார் லேத்துக்காரர் எனக்கு மட்டும் கேட்கும்படி. "சக்கரம் முன்னாடி தள்ளி நிக்குதுல்ல, அதான் மல்லாரல." பீடியை எடுத்து, பற்றவைக்காமல் திரும்பப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது முறை அவன் நிற்கவில்லை. நான் சாப்பாட்டுப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பத்தடியில் பின்சக்கரம் ஒரே இடத்தில் சுற்றியது. புழுதியில் ஆளே தெரியவில்லை. இன்ஜின் சத்தம் நின்றது. புழுதி அடங்கியபோது அவன் உச்சியில் இருந்தான். வண்டி அவனுக்குப் பக்கத்தில் சாயாமல் நின்றது. கீழே ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

அவன் கை காட்டினான். நாங்களும் காட்டினோம். ரொம்ப நேரம் கை காட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம்தான் அவன் கூப்பிடுகிறான் என்று புரிந்தது.

நாங்கள் பக்கவாட்டு ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறிப் போனோம். உச்சி ஒரு திட்டு. ஒரு அறையின் அகலம்கூட இல்லை. பின்னால் பாறை. மற்றவர்கள் அங்கே வண்டியை ஒரு காலில் சுழற்றித் திருப்பிக்கொண்டு இறங்குவார்கள். அண்ணன் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துக் களைத்துப்போயிருந்தான்.

"திரும்ப மாட்டேங்குது" என்றான். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை. "டீச்சர், உன் கணக்குல ஏறுறதுக்கு வழி இருக்கு. திரும்பி வர்றதுக்கு வழி வைக்கலியே."

நாலு பேர் சேர்ந்து பின்பக்கத்தில் கயிறு கட்டித் தூக்கித்தான் அந்த வண்டியைத் திருப்பினார்கள். ஒருவன் முதுகு பிடித்துக்கொண்டு, "பீரோவ மாடிக்கு ஏத்துறவன பாத்திருக்கேன், மலைக்கு ஏத்துனவன இப்பதான் பாக்குறேன்" என்றான். இறங்கிய பிறகு அண்ணி கொடுத்த சாப்பாட்டை அத்தனை பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். ஆளுக்கு இரண்டு வாய்தான் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், மாதம் ஒருமுறையாவது ஏறினான். கழுத்தை மாற்றித் தருவதாக லேத்துக்காரர் எத்தனையோ முறை சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு கயிற்றுச் சுருள் எப்போதும் இருந்தது. போகும்போது நாலு பேர் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் கிளம்புவான். ஹாலில் அந்தக் கோடுகளை அவன் அழிக்கவில்லை. அண்ணியும் அழிக்கவில்லை. நடந்து நடந்து அதுவாகத் தேய்ந்தது. பின்சக்கரத்தின் ஒரு ஓரம் மட்டும் சோபாவுக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

போன வாரம் லேத்துக்காரர் வந்தார். வண்டி சும்மா நின்றால் துருப்பிடிக்கும், தான் எடுத்து ஓட்டலாமா என்று அண்ணியிடம் கேட்டார். கேட்கும்போது அவளைப் பார்க்காமல் அண்ணன் உட்காரும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கழுத்த மட்டும் கொஞ்சம் நிமித்திட்டா தெருவுலயும் ஓட்டலாம்."

"கழுத்துல கை வைக்கிறதா இருந்தா வேண்டாம்ணே" என்றாள் அண்ணி. "அப்படியே ஓட்ட முடியும்னா எடுத்துட்டுப் போங்க."

இன்று காலை அவர் பள்ளத்துக்கு ஓட்டி வந்தார். அண்ணியும் வந்தாள், முதல் தடவையாக. ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்றார்கள். யாரும் பீரோ என்று சொல்லவில்லை. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கால்வாசி, பாதி என்று அண்ணன் மாதிரியே பார்த்துப் பார்த்துப் போனார். நாலாவது முறை மேலே போய்ச் சேர்ந்தார். இன்ஜின் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உச்சியிலிருந்து அவர் கை காட்டினார்.

"என்னவாம்?" என்றாள் அண்ணி.

"திருப்ப முடியல. கூப்பிடுறாரு."

கிளம்புமுன் சீட்டுக்கு அடியிலிருந்து அவர் என்னிடம் எடுத்துக் கொடுத்திருந்த கயிறு என் தோளில் இருந்தது. அண்ணி அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏற ஆரம்பித்தாள். பின்னால் வந்த ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் மூன்று பேருக்கும் எனக்கும் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "சீக்கிரம் வாங்க, அவரு தனியா நிக்கிறாரு."